16,020 அடிப் படமும் காணாமல்போன இருபது நிமிஷமும்

பழைய படங்களை மலிவு டிஸ்க்கில் வாங்கிப் பார்த்த அனுபவத்தைக் கேட்டீர்கள்; என்னிடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008இல் மதுரை பெரியார் பேருந்து நிலையம் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் மூன்று டிஸ்க் வி.சி.டி. ஒன்று எடுத்தேன். ஐம்பதுகளில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், விடுங்கள். அப்பா சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் நாலைந்து தடவை பார்த்த படம். போட்டுக் கொடுத்தேன். முடிந்ததும் முதல் கேள்வியே, "மாட்டுத் தரகர் காமெடி எங்கடா?"

அப்படி ஒரு காட்சியே அதில் இல்லை. வேறு படத்தோடு குழப்பிக்கொள்கிறார் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். மனுஷன் விடவில்லை. தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை நடித்தே காட்டினார்.

அதற்கப்புறம்தான் தணிக்கைச் சான்றிதழைக் கவனித்தேன். படம் தொடங்கும்முன் நாலு விநாடி வந்து போகுமே, அதுதான். அதில் படத்தின் நீளம் அடிக்கணக்கில் இருக்கும். வி.சி.டி.யின் படமே 352க்கு 288 புள்ளிதான்; எழுத்தெல்லாம் எறும்பு மொய்த்த மாதிரி. டி.வி.யை ஒட்டி உட்கார்ந்து, தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, ஒருவழியாகப் படித்தேன்: 16,020 அடி. 35 எம்.எம். பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். வகுத்தால் 178 நிமிஷம். தியேட்டரில் விநாடிக்கு 24 பிரேம் ஓடுவதை நம்மூர் டிஸ்க்கில் 25ஆக ஓட்டிவிடுவார்கள், ஆகவே 171. என்னிடம் இருந்த மூன்று டிஸ்க்கையும் கூட்டினால் 151. ஆக இருபது நிமிஷத்தைக் காணோம்.

(அந்த 25 பிரேம் விவகாரத்தில் இன்னொரு கூத்து உண்டு. பாட்டெல்லாம் இசைத்தட்டில் கேட்டதைவிடச் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை மேலே நிற்கும். டிஸ்க்கோடு சேர்ந்து ஆர்மோனியம் வாசிக்க உட்கார்ந்த என் சித்தப்பா, தன் பெட்டிதான் பழுது என்று ரிப்பேருக்கே கொடுத்துவிட்டார்.)

ஆறு வருஷம் கழித்து, வேறொரு கம்பெனியின் 'ஒரே டி.வி.டி.யில் மூன்று படம்' கிடைத்தது. மூன்றில் ஒன்று இதே படம். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஒரே டிஸ்க்கில் அமுக்கியிருந்தார்கள். மழைக் காட்சி வந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். மூலையில் கம்பெனி முத்திரை, பாட்டு வந்தால் கீழே போன் நம்பர் வேறு ஓடும். நீளமோ 144 நிமிஷம்தான், முதலில் வாங்கியதைவிடக் குறைவு. சலிப்போடு ஓடவிட்டு அடுக்களைப் பக்கம் போனேன். அப்பா கத்திய கத்தலில் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தேன். துண்டு, விரல், மாடு! ஒன்பது நிமிஷக் காட்சி. முதல் டிஸ்க்கில் இல்லாத ஒரு நாலு நிமிஷப் பாட்டும் இதில் இருந்தது.

அன்றிலிருந்து ஒரே படம் இரண்டு கம்பெனியில் கிடைத்தால் இரண்டையும் வாங்கிவிடுவேன். படம் நன்றாகத் தெரிகிறதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். எந்தப் பிரிண்டிலிருந்து, அதாவது தியேட்டரில் ஓடிய எந்தப் பிலிம் பிரதியிலிருந்து, எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பிரிண்டும் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு விதமாக வெட்டுப்பட்டிருக்கும்.

* * *

அண்ணே, செம! எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். 'அந்த நாள்' டி.வி.டி. வாங்கினேன். 1954ல வந்த படம், பாட்டே கிடையாது, அதுதானே அதோட பெருமையே. மெனுவுல 'பாடல்கள்'னு ஒரு பட்டன் வெச்சிருக்காங்க. அமுக்கினா மறுபடி அதே மெனுவுக்கே வந்து நிக்குது. நாலு தடவ அமுக்கிப் பார்த்தேன், ஒருவேளை ஏதாவது வருமோன்னு.

இன்னொரு படத்துல ரெண்டாவது டிஸ்க்குன்னு அச்சடிச்சிருந்ததுக்குள்ளயும் முதல் டிஸ்க்தான் இருந்துச்சு. கல்யாணம் வரைக்கும்தான் கதை தெரியும், அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

* * *

நான் கொஞ்ச காலம் அமெரிக்காவில் இருந்தேன். அங்கே 2009 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ் படக் கம்பெனிக்காரர்கள் வார்னர் ஆர்க்கைவ் என்று ஒரு டிஸ்க் வரிசையை ஆரம்பித்தார்கள். கடையில் அடுக்கி விற்கிற அளவுக்கு ஓடாது என்று அலமாரியில் தூங்கிய பழைய படங்களை, ஆர்டர் வந்த பிறகே டிஸ்க்கில் எழுதி அனுப்பினார்கள். தொடக்கத்தில் 150 படம், ஒன்று 19.95 டாலர். அதற்கு முன் டி.வி.டி. முகமே காணாத படங்கள்.

ஆனால் டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும். அது எழுதப்பட்ட டிஸ்க். அச்சு டிஸ்க்கில் குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டு வெள்ளியாகப் பளபளக்கும். ஊதாவில் இருப்பது சாயம். லேசர் அதைச் சுட்டு எழுதுகிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. ஜன்னலோர அலமாரியில் வைத்திருந்த (இது வேறு கம்பெனி) டிஸ்க் ஒன்று பத்து வருஷத்தில் கண்ணை மூடிவிட்டது. 2007 வாக்கில் மோசர் பேயர் என்ற டிஸ்க் கம்பெனிக்காரர்கள் நம்மூரில் வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று கொட்டினார்களே, அப்போது வாங்கிய அச்சு டிஸ்க்குகள் அதே அலமாரியில் இன்றைக்கும் ஓடுகின்றன. அந்த நிறுவனமே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது.

முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு கேள்வி. இருபதில் பதின்மூன்று நிமிஷம் கிடைத்தது சரி, மீதி ஏழு?

* * *

சரியான இடத்தில் பிடித்தீர்கள் சார். அந்த ஏழு நிமிஷத்துக்காக இன்னும் இரண்டு கம்பெனி டிஸ்க் வாங்கி, நாலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுக் குறிப்பெடுத்தேன். புதுசாக ஒரு காட்சியும் தேறவில்லை.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. பத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும், பார்த்திருப்பீர்கள். ரீல் முடியப்போகிறது என்று ஆபரேட்டருக்குச் சொல்லும் பொட்டு. என் நாலு டிஸ்க்கிலும் பொட்டுக்குப் பக்கத்தில்தான் படம் துள்ளுகிறது. வாயைத் திறப்பவர் பேசி முடித்திருப்பார், உட்காரப் போனவர் வாசலில் நிற்பார். மொத்தம் பதினாறு இடம். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் கைபடும், கிழியும். ஒவ்வொரு தடவையும் வெட்டி ஒட்டுவார்கள். ஓரிடத்துக்கு இருபத்தைந்து விநாடி என்று வைத்தாலும் ஏழு நிமிஷத்துக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க ஊர் கொட்டாயில ஆபரேட்டரு வெட்டின துண்டையெல்லாம் பசங்களுக்குத்தான் குடுப்பாரு. நானே ஒரு தீப்பெட்டி நெறைய வெச்சிருந்தேன்டா," என்றார்.