வர்த்தகக் குழுவோடு வெளிநாடு: டெமோ கேமரா கொண்டுபோவது எப்படி?

கேள்வி: கண்காணிப்புக் கேமரா, தெர்மல் கேமரா, அதற்கான மென்பொருள் விற்கிறோம். வர்த்தகக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. கிளம்புறதுக்கு முன்னால் எதையெல்லாம் முடிக்கணும்?

பதில் 1: முதலில் தெர்மல் கேமராவைப் பாருங்க. நொடிக்கு 9 ஃபிரேமைத் தாண்டினால் வாசனார் (பல நாடுகள் சேர்ந்து செய்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஏற்பாடு) பட்டியலில் சிக்க வாய்ப்பு அதிகம். வெறும் சாம்பிள் என்றாலும் ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். மென்பொருளில் குறியாக்கம் இருந்தால் அதையும் சரிபாருங்க. உரிமம் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்க.

பதில் 2: போகும் நாடு ஏற்குமானால் டெமோ பொருளுக்கு ஏடிஏ கார்னே (வரி கட்டாமல் தற்காலிகமாகப் பொருளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் சுங்க ஆவணம்) எடுங்க, ஓராண்டு வரை செல்லும். அதில் எழுதும் சீரியல் எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் சுங்கத்தில் நிறுத்தலாம். திரும்பும்போது மறு ஏற்றுமதி முத்திரை விடுபட்டால் வரி கட்டச் சொல்வாங்க. யார் கேட்டாலும் அங்கேயே விற்றுடாதீங்க!

பதில் 3: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும்தான். பேட்டரியின் திறன் 100 வாட்-மணியைத் தாண்டி 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி வேணும்; அதற்கும் மேல் என்றால் கொண்டுபோக முடியாது.