ஆளை நீக்குவது எளிதானால் வேலை கூடுமா?

தறிநாடா:
முன்பு 100 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அது 300 ஆகிவிட்டது. "அனுப்புவது சுலபமானால்தான் முதலாளி தைரியமாக ஆள் எடுப்பார்" என்கிறார் எங்கள் ஹெச்.ஆர். எனக்குக் கணக்கு இடிக்கிறது. அனுப்புவது சுலபமானால் வேலையில்லாதவர்கள் கூடத்தானே செய்வார்கள்?

ஓசூர் லேத்:
என்னிடம் 38 பேர். ஆர்டர் வந்தால் எடுப்பேன், வராவிட்டால் எந்தச் சட்டம் வந்தும் எடுக்க மாட்டேன். ஆனால் ஹெச்.ஆர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் 90 பேரைத் தாண்டாமல் இருக்கப் பக்கத்து ஷெட்டில் மச்சான் பெயரில் இன்னொரு கம்பெனி போட்டார். நடுவில் ஒரு ஹாலோபிளாக் சுவர், இரண்டுக்கும் ஒரே கேன்டீன்.

ஒரகடம் பி ஷிப்ட்:
அந்த 100 கணக்கெல்லாம் நிரந்தரக்காரர்களுக்கு, அண்ணே. நான் ஆறு வருஷம் காண்ட்ராக்ட். அதே லைன், அதே போல்ட், சட்டை நிறமும் சம்பளமும் மட்டும் வேறு. 2020 ஊரடங்கில் ஒரே வாட்ஸ்அப் மெசேஜில் முடித்துவிட்டார்கள், யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இதற்கு மேல் என்ன எளிதாக்கப் போகிறார்கள்?

வரவுசெலவு:
பி ஷிப்ட் சொன்னதுதான் ஸ்பெயினில் நாடு முழுக்க நடந்தது. 1984-ல் நிரந்தரக்காரர்களைத் தொடாமல் தற்காலிக ஒப்பந்தங்களை மட்டும் தளர்த்தினார்கள், பத்தே வருஷத்தில் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் தற்காலிகம். நல்ல காலத்தில் வேலை மளமளவென்று பெருகியது, சரிவு வந்ததும் அவர்கள்தான் கொத்துக் கொத்தாக வெளியே போனார்கள்: 2007-ல் சுமார் 8% இருந்த வேலையின்மை 2013-ல் 26%. ஜெர்மனியில் 2009-ல் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியும் வேலையின்மை பெரிதாக ஏறவில்லை. ஆளை அனுப்பாமல் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அதனால் இழந்த சம்பளத்தில் ஒரு பங்கை அரசுத் தரப்பு ஈடுகட்டியது. அதுவும் நெகிழ்வுதானே? தறிநாடா, உங்கள் கேள்விக்கு என் பதில்: அனுப்புவது எளிதானால் எடுப்பதும் வேகம், கழிப்பதும் வேகம். சராசரி வேலையின்மை அவ்வளவாக மாறாது, ஏற்ற இறக்கம்தான் பெரிதாகும்.

தறிநாடா:
சரி, இப்போது 300 ஆகிவிட்டதே, லேத் அண்ணே, அந்தச் சுவரை இடித்துவிடுவாரா?

ஓசூர் லேத்:
எங்கே! மச்சான் இப்போது தனியாக ஆர்டர் பிடிக்கிறார். கேன்டீனையே பிரித்துவிட்டார்கள்.