புதுப்பிப்பு: காசிமேடு மொட்டைமாடி விரிசல்
தளம் போட்ட மறுநாளே விரிசல் விட்டதே, பலம் போய்விடுமா என்று கேட்டிருந்தேன். இன்று பொறியாளர் பார்த்துவிட்டார். நகம்கூட மாட்டாத கீறல்கள். கம்பி வரை இறங்கவில்லை. உப்புக்காற்றடிக்கும் ஊரில் அதுதான் பெரிய நிம்மதி.

வெயிலும் காற்றும் மேல்பரப்பின் ஈரத்தை முதலில் உறிஞ்சிவிடுகின்றன. மேலே சுருங்கப் பார்க்கிறது, ஈரமான உள்பக்கம் விடுவதில்லை. அந்த இழுப்பில்தான் விரிசல். நன்றாக இறுகிய கான்கிரீட் காய்ந்தபின் அமுக்கத்தைச் சற்றுக் கூடுதலாகவே தாங்குமாம்! ஆனால் ஆரம்பத்திலேயே காய்ந்தால் சிமெண்டுக்குத் தண்ணீர் போதாமல் பலம் ஏறாது.

ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதிப்படி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் க்யூரிங் (காயவிடாமல் ஈரமாகவே வைத்திருப்பது), நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த பிபிசி (PPC) சிமெண்டுக்கு 10 நாள். எங்களுடையது பிபிசி. கொத்தனார் அண்ணன் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திவிட்டார், ஓரங்களில் ஈரச்சாக்கு.