டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கதையாச் சொல்லி விளையாடுற மேசை விளையாட்டு): மேசையிலை நடந்தது, இன்னும் மனசை விடாதது: உங்கடை சந்திப்பைச் சொல்லுங்கோ

கொக்குவில் றோக்:
2022, கரண்ட் கட் காலம். லீவுக்கு வந்து நிண்ட கனடா மச்சான்தான் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்திறவர்). யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலை ஒரு வீட்டு விறாந்தை, நடுவிலை சார்ஜர் லைட். பாழடைஞ்ச கோட்டை, கீழை நிலவறை, மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

கடைசிக் கதவு. என்ரை பாத்திரம் றோக், கள்ளன். நான் பூட்டிலை கை வைக்கேக்கை டிஎம் கேட்டார், "உன்ரை றோக் ஆரை ஆகலும் நம்புறவன்?" யோசிக்காமலே "தமையனை" எண்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டுச் சொன்னார்: "கதவுக்கு அங்காலை நிண்டு அண்ணை கூப்பிடுறார். வீட்டுப் பேர் சொல்லி."

உடனை விளங்கிட்டுது, ராட்சதன். 1977 மொன்ஸ்டர் மனுவலிலை (விளையாட்டிலை வாற பூதங்களின்ரை புத்தகம்) இருக்கிறதுதானே: மனசை வாசிச்சு, எங்களுக்கு வேண்டின ஆளின்ரை உருவத்திலை வந்து நிக்கும். ஆசீர்வதிச்ச குறுக்குவில் அம்பு பட்டால் சாகும். எங்கடை கிளெரிக்கிட்டை (பூசாரிப் பாத்திரம்) அந்த அம்பும் இருந்தது. கிளெரிக் விளையாடின தங்கச்சி என்ரை கையைப் பிடிச்சு "திறக்காதை, திறக்காதை" எண்டாள். தெரிஞ்சுகொண்டுதான் திறந்தன். அண்ணை போய்க் கனகாலம்.

றோக் செத்துப்போனான், அது பரவாயில்லை. ஆனால் கதவு திறந்தாப்போலை டிஎம் பல்லையோ நகத்தையோ சொல்லேல்லை. "வா, சாப்பிட்டியோ?" எண்டு மட்டும் கேட்டார். அந்தச் "சாப்பிட்டியோ" இன்னும் விடுகுதில்லை.

பருத்தித்துறை வேதாளம்:
தம்பி, வாசிக்க நெஞ்சு கனத்தது. ஆனால் உங்கடை டிஎம் செய்தது பிழை. புத்தகத்தின்படி ராட்சதன் தானா மனசை வாசிக்கோணும். விளையாடுறவனிட்டைக் கேட்டு எடுக்கிறது வேறை. இன்னொண்டு, புலித்தலையும் வாயிலை சுங்கானுமா அந்தப் புத்தகக்காரர் கீறி வைச்சதை நாங்கள் ஏன் அப்பிடியே எடுக்கோணும்? இராவணன் சாமகானம் பாடிச் சிவனை உருக வைச்ச கதையைக் கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள். என்ரை மேசைக்கு ராட்சதர் வந்தால் வீணையோடைதான் வருவினம்.

என்ரை சந்திப்புச் சின்னன். முதல் லெவல் விசார்ட் (மந்திரவாதி), நாளுக்கு ஒரேயொரு மந்திரம், நித்திரை மந்திரம். ஒருக்காச் சொன்னால் மண்டையை விட்டுப் போயிடும். (ஜாக் வான்ஸ் 1950இலை எழுதின டையிங் எர்த் கதையளிலை இருந்துதான், இந்த விளையாட்டை உருவாக்கினவையிலை ஒருத்தரான கைகாக்ஸ் அந்த முறையை எடுத்தவர்.) எங்கடை பைட்டர் (சண்டைக்காரப் பாத்திரம்) வயித்திலை ஈட்டியோடை கிடந்து அனுங்கினான். மருந்தில்லை. கொப்ளின்களுக்கு (குட்டிப் பூதங்கள்) எண்டு பொத்திப் பொத்தி வைச்சிருந்த மந்திரத்தை அவன்ரை காதுக்குள்ளை சொன்னன். பைட்டரை விளையாடின பெடியன் மேசையிலை தலையை வைச்சுக் கண்ணை மூடிட்டான். கொப்ளின்கள் பேந்துதான் வந்ததுகள்.

கொக்குவில் றோக்:
வேதாளம் அண்ணை, கேட்டு எடுத்தது எண்டு சொல்லாதேங்கோ. ஆரை நம்புறவன் எண்டுதான் அவர் கேட்டவர். மிச்சத்தை அவர் தானாத்தான் கொண்டு வந்தவர். உங்கடை பைட்டர் கதை நல்லாப் பிடிச்சுது.

சாவகச்சேரி மாம்பழம்:
ட்ரோல், பெரிய பூதம். வெட்டி விழுத்திப்போட்டுக் காசு பிரிச்சுக்கொண்டு இருக்கிறம், வெட்டின கை தானா ஊர்ந்து வந்து என்ரை காலைப் பிடிச்சுது. அவ்வளவுதான் என்ரை கதை.

ஆனால் புதுசா டிஎம் செய்யிற பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லோணும். 'லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' எழுதின டோல்கீனோடை நிண்டிடாதேங்கோ. அவர் பெரியவர், அதிலை சண்டையில்லை. 1974இலை வந்த விளையாட்டின்ரை முதல் புத்தகங்களிலை குட்டி மனிசருக்கு அவற்றை ஹொபிட் எண்டே பேர் இருந்தது, உரிமைப் பிரச்சினை வந்தாப்போலைதான் ஹாஃப்லிங் ஆக்கினவை. ஆனால் டோல்கீன்ரை ட்ரோல் விடியக் கல்லாப் போறது. வெட்ட வெட்டப் பொருந்திற ட்ரோல் போல் அண்டர்சன்ரை 'திரீ ஹார்ட்ஸ் அண்ட் திரீ லயன்ஸ்' எண்ட நாவலிலை இருந்து வந்தது. 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்டின்ரை பின்பக்கத்திலை கைகாக்ஸ் ஒரு வாசிப்புப் பட்டியல் போட்டிருக்கிறார், அப்பெண்டிக்ஸ் என். ஹவார்ட், லைபர், மூர்கொக், வான்ஸ் எல்லாரும் அதிலை இருக்கினம். லைபரிலை தொடங்குங்கோ. ரெண்டு கள்ளர், ஒரு நகரம், உலகத்தைக் காப்பாத்திற வேலை இல்லை. சின்ன மேசைக்கு அதுதான் பொருந்தும். வாசிச்ச டிஎம்மின்ரை நிலவறைக்குள்ளை இறங்கினால் உடனை தெரியும், ஒவ்வொரு அறைக்கும் ஒரு மணம் இருக்கும்.

வேதாளம் அண்ணை கேட்ட வீணையையும் சேருங்கோ, ஆர் வேண்டாம் எண்டது? வான்ஸைச் சேர்த்த மாதிரித்தானே அதுவும்.

ட்ரோல் வந்தால் நெருப்பு, இல்லாட்டி அசிட். துண்டு துண்டா எல்லாத்தையும் எரிச்சுப்போட்டுக் காசைப் பிரியுங்கோ.