மலை ரயில் கேமுக்கு ஊரார் பணம்: கிரவுட் ஃபண்டிங் போகலாமா?

பல்சக்கரம்_குன்னூர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர், இரண்டு பேர் குன்னூர், ஒருத்தன் கோத்தகிரி. பகலில் ஆளுக்கொரு வேலை, ராத்திரியில் உட்கார்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். நம்ம நீலகிரி மலை ரயில்தான் களம். ஆனால் நீங்கள் டிரைவர் கிடையாது, பிரேக்ஸ்மேன். கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை (தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்லை இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறும்), 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். மேலே ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்துதான் தள்ளும், டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. முன் பெட்டியில் நிற்பவர் கொடி காட்டுவார், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார், விசில் கேட்டதும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கேம் முழுக்க அந்தக் கைப்பிடிதான். மூடுபனியில் கொடி தெரியாது, விசிலை மட்டும் நம்பிச் சுற்றணும், எங்கேயாவது மண் சரிந்து கிடக்கும், யானை நிற்கும். கல்லாறிலிருந்து ஹில்குரோவ் வரை டெமோ ரெடி. ரன்னிமேடு, காட்டேரி தாண்டிக் குன்னூர் வரை முடிக்க இன்னும் ஒரு வருஷ வேலை இருக்கிறது.

இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால்தான் முடியும். அதற்கு 14 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில், கேம் வருவதற்கு முன்பே ஊராரிடம் பணம் கேட்கலாம் என்று ஒரு யோசனை. இந்தியாவில் இருந்துகொண்டு அங்கே திட்டம் தொடங்க முடியாதாம், ஆனால் நண்பனின் சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் பெயரில் போட்டுத் தருகிறேன் என்கிறார். பணம் போட்டவர்கள், கேம் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பயமாகவும் இருக்கிறது, விடவும் மனசில்லை.

மூஞ்சிக்கல்_முனி எழுதியது:

தம்பி, நான் கொடைக்கானல். கேம் செய்யத் தெரியாது, பணம் போடத் தெரியும். 2012-ல் டபுள் ஃபைன் என்ற கேம் ஸ்டுடியோ 4 லட்சம் டாலர் கேட்டு 33 லட்சம் டாலர் வாங்கியதே, அந்த அலையில் ஆரம்பித்த பழக்கம். அதனால் பணம் போடுகிறவன் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃப்டிஎல் என்ற கேமுக்கு 10,000 டாலர்தான் கேட்டார்கள், 2 லட்சம் வந்தது, அதே 2012-லேயே கேம் கைக்கு வந்துவிட்டது. அண்டர்டேல் கேட்டது 5,000 டாலர், வந்தது 51,000, கேம் 2015-ல். ஹாலோ நைட் ஆஸ்திரேலியாவிலிருந்து 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு 57,000 வாங்கி 2017-ல் கொடுத்தார்கள். அதில் இன்னொரு கூத்து, ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்து விளையாடலாம் என்று கூடுதல் இலக்கில் (கேட்டதற்கு மேல் பணம் வந்தால் தருவதாக) சொன்னது வளர்ந்து வளர்ந்து சில்க்சாங் என்று தனி கேமாகி 2025 செப்டம்பரில் வந்தது. அன்றைக்குப் பணம் போட்டவர்களுக்கு அதுவும் இலவசம். இப்படி ஒன்று அமைந்தால் போதும், மற்றதெல்லாம் மறந்துபோகும்.

இனி மறுபக்கம். கிளாங் என்று ஒரு வாள்சண்டை கேம், 5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார்கள், 2014-ல் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். மைட்டி நம்பர் 9 என்றால் இன்னும் எங்கள் ஜமாவில் யாராவது பல்லைக் கடிப்பார்கள். 9 லட்சம் கேட்டு 38 லட்சம் டாலர், தேதி தள்ளித் தள்ளி 2016-ல் வந்தது, வந்ததைப் பார்த்தால் இதற்காகவா காத்திருந்தோம் என்று ஆகிவிட்டது. ஸ்டார் சிட்டிசன் 2014-ல் வரும் என்றார்கள். பணம் 80 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, முழு கேம் இன்னும் வரவில்லை. அது மோசடி என்று நான் சொல்ல மாட்டேன், இதுவரை செய்த பகுதியைப் பலர் விளையாடவும் செய்கிறார்கள், ஆனால் முடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? பணம் வந்துகொண்டே இருக்கிறதே.

நான் பணம் போட்டதில் ஒன்று அப்படியே காணாமல் போனது. பெயர் வேண்டாம். முதலில் வாரம் ஒரு செய்தி, அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் "குடும்பத்தில் ஒரு பிரச்சினை" என்று ஒரு கடிதம், அத்தோடு சரி. பணம் போனது பெரிதில்லை, அதைவிட எரிச்சல் தந்தது அந்த மௌனம்தான். முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் விட்டிருப்பேன். தளத்திடம் கேட்டால், பணம் திரும்பத் தருவது எங்கள் வேலையில்லை, அது உங்களுக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்பார்கள். அது விதிமுறையிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

அதிலிருந்து என் கொள்கை எளிது. விளையாடிப் பார்க்க டெமோ இருந்தால் போடுவேன், வீடியோ மட்டும் என்றால் மாட்டேன். அதுவும் கேம் கிடைக்கிற ஆகக் குறைந்த தொகை, அவ்வளவுதான். சட்டை, சிலை, பெட்டி எதையும் வாங்குவதில்லை, சுங்கவரி கட்டி மலைக்கு வந்து சேருவதற்குள் கேமே பழசாகிவிடும். உங்களிடம் டெமோ இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கூடலூர்_குசும்பன் எழுதியது:

ஏலச்சீட்டு ஓடிப்போனாலாவது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நிற்கலாம், இதில் அதுவும் இல்லை :) கேம் வந்தபிறகு தள்ளுபடியில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூஞ்சிக்கல்_முனி எழுதியது:

எல்லோரும் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் அண்டர்டேல் வந்திருக்குமா என்பதுதான் கேள்வி, குசும்பா.

பீளமேடு_பிக்சல் எழுதியது:

நண்பா, எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி பக்கம், இப்போது கோவையில் கேம் கம்பெனி ஒன்றில் வேலை. உங்கள் கரு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனால் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

14 லட்சம் போதாது. தளத்துக்கு 5 சதவீதம், பணம் வாங்கித் தருகிறவர்களுக்கு 3 முதல் 5 சதவீதம், ஆக 14-ல் ஏறக்குறைய 1.3 லட்சம் முதல் நாளே போய்விடும். இரண்டு பேருக்கு மாதம் 40,000 என்று வைத்தாலும் ஒரு வருஷத்துக்கு 9.6 லட்சம். மீதி 3 லட்சம் சொச்சத்தில் இசை, மொழிபெயர்ப்பு, சோதனை, ஆடிட்டர், பரிசுப் பொருள், எல்லாம். சரி, இழுத்துப் பிடித்துச் சமாளித்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் தாமதமானால் சம்பளம் மட்டும் 4.8 லட்சம், அது எங்கிருந்து வரும்? கேம் தாமதமாகாது என்று மட்டும் சொல்லாதீர்கள், நான் பார்த்து எந்தக் கேமும் சொன்ன தேதியில் வந்ததில்லை.

பணம் குறைவாக வந்தால் ஆபத்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இலக்கு எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள், தலைக்குனிவு மட்டும்தான், அதுகூடப் பெரிய விஷயமில்லை. புனேக்காரர்களின் ராஜி 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டவில்லை, ஆனாலும் 2020-ல் கேமை வெளியிட்டுக் காட்டினார்கள். எனக்கு அதிகப் பயம் பணம் கூடுதலாக வருவதில்தான். முனி அண்ணன் சொன்ன டபுள் ஃபைனையே பாருங்கள். எட்டு மடங்குக்கு மேல் பணம் வந்தது, அதற்கேற்ப கேமையும் பெரிதாக்கினார்கள், பணம் தீர்ந்துபோய் இரண்டாக வெட்டி முதல் பாதியை 2014-லும் மறுபாதியை 2015-லும் வெளியிட்டார்கள். அனுபவப்பட்ட ஸ்டுடியோவுக்கே அந்தக் கதி.

கூடுதல் இலக்கு என்று ஒன்று போடுவார்களே, இவ்வளவு வந்தால் இன்னொரு பாத்திரம், இன்னும் கொஞ்சம் வந்தால் ஆன்லைன் ஆட்டம் என்று, அது நள்ளிரவு உற்சாகத்தில் எழுதப்படுவது. ஷவல் நைட் 2014-ல் வந்துவிட்டது, அருமையான கேம், நன்றாகவும் விற்றது. ஆனால் 2013-ல் கூடுதல் இலக்கில் எழுதிக்கொடுத்ததையெல்லாம் கொடுத்து முடிக்க 2019 டிசம்பர் ஆனது. ஒவ்வொரு பாத்திரமும் தனி கேம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. விற்ற காசு இருந்ததால் தாக்குப்பிடித்தார்கள். உங்கள் கேம் அப்படி விற்காவிட்டால் அந்த வாக்கை எந்தக் காசில் நிறைவேற்றுவீர்கள்? நாளைக்கு ஒருவர் வந்து "ஊட்டி வரைக்கும் பாதை போடுங்கள்" என்று கேட்பார். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன் பெயரெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குன்னூருக்கு மேலே பல்சக்கரமே கிடையாது, உங்கள் பிரேக் ஆட்டம் அங்கே செத்துப்போகும். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பணம் போட்டவர்களுக்கு நீங்கள் ஸ்டீம் (கேம் விற்கும் இணையக் கடை) கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீடு, கொடுப்பீர்கள். அந்தக் கீயில் விளையாடியவர்கள் எழுதும் விமர்சனம் 2016-லிருந்து ஸ்டீமின் மதிப்பெண்ணில் சேராது, கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள் எழுதுவது மட்டும்தான் சேரும். உங்கள் தீவிர ரசிகர்கள் அத்தனை பேரும் கீ வாங்கியவர்கள், முதல் நாள் விற்பனையிலும் இல்லை, மதிப்பெண்ணிலும் இல்லை. சின்ன கேமுக்கு இது பெரிய அடி.

என் யோசனை, இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். 100 டாலர் கட்டி ஸ்டீமில் பக்கத்தைத் திறங்கள், கேம் 1,000 டாலர் விற்றால் அந்தப் பணம் திரும்ப வரும். டெமோவை ஸ்டீமின் டெமோ திருவிழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் அடுத்த முறை போடுங்கள், பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என்று வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது. விஷ்லிஸ்ட் (வாங்க நினைக்கிறவர்கள் குறித்துவைக்கும் பட்டியல்) எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் கிக்ஸ்டார்ட்டரிலும் யாரும் வரப்போவதில்லை. ஏறினால் கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் பப்ளிஷரிடமே போகலாம், ஊராரிடம் கேட்கவே வேண்டியிருக்காது.

பல்சக்கரம்_குன்னூர் எழுதியது:

முனி அண்ணா, பிக்சல் அண்ணா, ரொம்ப நன்றி. விமர்சன மதிப்பெண் விஷயம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊட்டி வரை பாதை என்று கூடுதல் இலக்கில் எழுதியே வைத்திருந்தோம், அடித்துவிட்டேன்.

வேலையை விடாமல் செய்தால் ஒரு வருஷ வேலை மூன்று வருஷம் ஆகும், அதுதான் உறுத்துகிறது. எங்கள் படம் வரைகிற பையனுக்கு எஸ்டேட்டில் வேலை, இலை அதிகம் வரும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடைக்காது. அப்புறம் பரிசுப் பொருளாக ஊட்டி வர்க்கியும் ஒரு பாக்கெட் டீத்தூளும் அனுப்பலாம் என்று நினைத்தோம், மற்ற கேம்காரர்கள் யாரும் தராத ஒன்று. அதுவும் வேண்டாமா?

ஆடிட்டர்_வீட்டுப்_பிள்ளை எழுதியது:

வர்க்கியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் சித்தப்பா. அவர் பெயரில் திட்டம் போட்டால் தளத்தின் கண்ணிலும் பணம் போட்டவர்களின் கண்ணிலும் தயாரிப்பாளர் அவர்தான். பணம் அவர் கணக்குக்குத்தான் வரும், அந்த ஊர் வரிக்கு அவர்தான் பதில் சொல்லணும், நீங்கள் கேமை முடிக்காவிட்டால் திட்டு வாங்குவதும் அவர்தான். அங்கிருந்து உங்களுக்கு எந்தப் பெயரில் அனுப்புவார்? "அன்பளிப்பு" என்று அனுப்பினால், அவர் சித்தப்பா என்பது உங்கள் நண்பனுக்குத்தான், உங்களுக்கு அவர் உறவினர் இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அன்பளிப்புக்கும் வரி உண்டு. நண்பன் கணக்குக்கு வந்து அவன் பிரித்துக் கொடுப்பான் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அவரோடு ஒரு சேவை ஒப்பந்தம் எழுதி, நீங்கள் மூவரும் ஒரு நிறுவனமாகப் பதிவு செய்து, பில் போட்டு வாங்குவதுதான் ஒழுங்கான வழி. எழுதாமல் வாய்வார்த்தையில் நடந்தால் கேமும் போகும், குடும்ப உறவும் போகும்.

அடுத்தது, பணம் போடுகிறவர்களுக்கு லாபத்தில் பங்கு தரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஓடிவிடுங்கள். ஊராரிடம் இணையத்தில் பங்கு விற்பதற்கு இங்கே அனுமதி கிடையாது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2014-ல் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது, 2016-ல் இப்படிப்பட்ட தளங்கள் அங்கீகாரம் இல்லாதவை என்று எச்சரிக்கையும் விட்டது. கேமை முன்கூட்டியே விற்கிறோம், அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நன்கொடை என்ற சொல்லையே பக்கத்தில் எங்கும் எழுதாதீர்கள்.

வர்க்கி: தின்பண்டத்தை வெளிநாட்டுக்குக் கூரியரில் அனுப்புவதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சட்டம், கட்டணம் வர்க்கியின் விலையைப் போலப் பல மடங்கு. அந்தக் காசில் ஒரு இசைக்கலைஞருக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

கூடலூர்_குசும்பன் எழுதியது:

சட்டம் கிடக்கட்டும், வர்க்கியைக் கோவைக்கு அனுப்பினாலே தூளாகத்தான் போய்ச் சேரும். பேசாமல் கேமுக்குள்ளேயே ஒரு டீக்கடை வையுங்கள், பிரேக்ஸ்மேன் ஹில்குரோவில் இறங்கி வாங்கிச் சாப்பிடட்டும், தபால் செலவு மிச்சம்.

சரி, நானும் ஒரு உருப்படியான கேள்வி கேட்கிறேன், டெமோவுக்கு லிங்க் எங்கே? எங்கள் வீட்டு லேப்டாப் பழையது, கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, ஓடுமா?

பல்சக்கரம்_குன்னூர் எழுதியது:

டீக்கடை யோசனையை எடுத்துக்கொண்டோம், குசும்பன் அண்ணா, நன்றிப் பட்டியலில் உங்கள் பெயர் உண்டு. கிக்ஸ்டார்ட்டரை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறோம். அக்டோபர் நெக்ஸ்ட் ஃபெஸ்டுக்கு டெமோவைப் போடலாம் என்று நேற்று மூன்று பேரும் பேசி முடித்தோம். சித்தப்பாவிடம் நண்பன் பேசிக்கொள்வான். ஸ்டீம் பக்கம் திறந்ததும் லிங்கை இங்கேயே போடுகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலும் ஓடும், மூடுபனியை மட்டும் செட்டிங்ஸில் குறைத்துக்கொள்ளுங்கள், அதுதான் மெஷினைத் திணறடிக்கிறது.