அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய 'அம்மா வந்தாள்'

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனால் என் அம்மா அதைக் கேட்டதுபோல ஒருமுறைகூடப் படித்ததில்லை.

திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. ஓர் ஆடி மாதத்தில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, சில வாரங்கள் கண்ணுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கும் அவருக்குப் பொழுது போகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஏதாவது வாசித்துக் காட்டலாம் என்று அலமாரியில் தேடியபோது இந்த நாவல் கையில் வந்தது. காவிரிக் கரை வேத பாடசாலை என்றால் அவருக்குப் பிடிக்கும் என்று எண்ணினேனே தவிர, கணவரும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் நாவலின் தாய் அலங்காரம் சிவசு என்பவரோடு கொண்ட உறவைப் பெற்ற தாயின் முன்னால் ஒரு மகன் எப்படி உரக்க வாசிப்பது என்பது நான்காம் நாள்தான் உறைத்தது. என் குரல் தணிந்தது. "சத்தமா படி தம்பி" என்றார்.

1966இல் வெளிவந்த இந்த நாவலைக் கல்லூரி நாட்களில் படித்தபோது, அலங்காரத்தின் மீறல் ஒன்றே என் கண்ணில் பட்டது. மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்த ஜானகிராமன், தஞ்சை மண்ணின் பேச்சை எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார் என்பது வாய்விட்டு வாசிக்கும்போதுதான் விளங்குகிறது. மனிதர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். பேசியாக வேண்டிய ஒன்றை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுகிறார்கள். அலங்காரத்தின் கணவர் தண்டபாணி எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் வாழ்ந்துவிடுகிறார். அதைப் பொறுமை என்றே நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

"ஒரு வார்த்தை கேக்காமயே இத்தனை வருசம் ஒரே வீட்ல சாப்பிட்டிருக்காரே, அதைவிட அவளுக்கு என்ன தண்டனை வேணும்?"

மகன் அப்புவை வேதம் படிக்கவைத்து, அவன் வழியாகத் தன் பாவத்தைக் கரைத்துக்கொள்ள நினைத்தவள் அலங்காரம். அவன் இந்து என்ற பெண்ணோடு பாடசாலையிலேயே தங்கிவிட்டதைக் கண்டு அவள் காசிக்குக் கிளம்பும் இடத்தை அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னார். கேட்டு முடித்து வெகுநேரம் பேசவில்லை.

"பெத்த புள்ள இருக்கறப்ப அவ எதுக்குப்பா காசிக்குப் போவணும்?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அவர் பெரியம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மயிலாடுதுறையில் தனியே இருக்கும் பெரியம்மாவுக்கு எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அழைப்புப் போனதில்லை. ஏன் என்று கேட்கக் கூடாது என்றே நாங்கள் வளர்க்கப்பட்டோம். அம்மா அன்றும் காரணத்தைச் சொல்லவில்லை. அக்காவின் கைப்பக்குவத்தையும், சிறுவயதில் இருவரும் ஒரே போர்வையில் படுத்துக்கொண்டதையும் சொன்னார்.

ஐப்பசியில், மயிலாடுதுறைக் காவிரியில் நீராடும் துலா முழுக்குக்குப் போக வேண்டும் என்று தானாகவே கேட்டார். துலாக் கட்டத்துப் படியில் அக்காவும் தங்கையும் ஈரப் புடவையோடு அருகருகே உட்கார்ந்திருக்க, நான் பையை வைத்துக்கொண்டு சற்று மேலே இருந்தேன். அந்தப் பையில் அம்மா இந்த நாவலையும் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. திரும்பும்போது அது பெரியம்மாவின் கையில் இருந்தது.