நிலைமாலை நடுவுல சரிஞ்சு போகுது, மல்லி ஒரே நாள்ல கருகுது. வெள்ளிக்கிழமைக்குள்ள வழி சொல்லுங்க

புதுவீட்டுக்காரன்:
வணக்கம். வர்ற வெள்ளிக்கிழமை திருநகர் பக்கம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம். வாசலுக்கு நிலைமாலை கட்ட ஒருத்தர் சொன்ன கூலியைக் கேட்டு மலைச்சுப்போய், "நானே கட்டுறேன்"னு வீட்ல வீராப்பா சொல்லிட்டேன். இப்ப முழிக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை ஒத்திகை பார்த்தேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வெள்ளன போய் செண்டுப்பூ மூணு கிலோ, செவ்வந்தி ஒரு கிலோ, மல்லி கொஞ்சம் வாங்கினேன். நைலான் நூல், கோணி ஊசி. நிலை நாலடி அகலம். நிலையில ஆணி அடிக்கக் கூடாதுன்னு அப்பத்தா கண்டிசன், அதனால ஒட்டுற கொக்கி ரெண்டு.

காலையில பார்க்க அம்புட்டு அழகு. மத்தியானம் பூவெல்லாம் வழுக்கி வந்து நடுவுல சேர்ந்துக்கிச்சு. ரெண்டு பக்கமும் வெறும் நூல், நடுவுல தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஒரு பொதி. சரின்னு இன்னும் இழுத்துக் கட்டினேன், ஒரு பக்கக் கொக்கி பெயிண்டையும் பேத்துக்கிட்டு வந்துருச்சு. வெள்ளைச் சுவத்துல மஞ்சளா ஒழுகின கறை வேற. மல்லி சாயங்காலமே பழுப்பாயிருச்சு. எங்க தப்பு பண்றேன்?

நார்க்கட்டு:
பூவைத் தண்ணியில போட்டு எடுத்தீங்களா? வாசல் எந்தத் திசை? ஊசியைப் பூவோட எந்த இடத்துல குத்துனீங்க?

புதுவீட்டுக்காரன்:
வாளியில அரை மணி நேரம் ஊறப்போட்டேங்க, வாடாம இருக்கட்டும்னு. மேற்குப் பார்த்த வாசல். குத்துனது பூ முகத்துல நடுவால.

நார்க்கட்டு:
அதான் கேட்டேன். எங்கம்மா கோயில் வாசல்ல பூக்கட்டுறவங்க, நான் அவங்க மடியில உக்காந்து நார் கிழிச்சே வளர்ந்தவன். கேட்டா அவங்க திட்டுறதை அப்படியே சொல்றேன்: "பூவை ஊறுகாயா போடுறான்?"

செண்டுப்பூ இதழுக்குள்ள தண்ணி நின்னா உள்ளயே அழுகும், கனமும் கூடும். மேல தெளிச்சு, தலைகீழாப் பிடிச்சு உதறணும். அவ்வளவுதான். அந்த மஞ்சக் கறையும் ஊறுன தண்ணி ஒழுகினதுதான். துணிக்குச் சாயம் ஏத்துற பூ அது, புதுச் சுவரு மட்டும் தப்புமா? தேய்க்காதீங்க, ஈரத்துணியால ஒத்தி எடுங்க.

அடுத்தது நூல். நைலான் வழுக்கும், பூவை அறுக்கவும் செய்யும். பூ வாட வாட ஊசி குத்துன ஓட்டை பெருசாகும், பிறகு பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். முதல்ல ரெண்டு புரி சணல் எடுங்க, அதுதான் முதுகெலும்பு. ரெண்டா மடிச்சு, மடிப்பு விழுற இடத்துல ஒரு சிவப்பு நூல் கட்டிக்குங்க. அதுதான் நடு. அங்கிருந்து இங்கிட்டும் அங்கிட்டுமா ஓரத்தைப் பார்த்துக் கோர்த்துக்கிட்டே போங்க. பெரிய பூ நடுவுக்கு, போகப் போகச் சின்னது.

முக்கியமான இடம் இதுதான்: நாலு பூ ஏறினதும் ஒரு மாவிலையை ரெண்டா மடிச்சு, காம்புல சணலை ஒரு சுத்து சுத்தி முடிச்சுப் போடுங்க. இலை அந்த நாலு பூவுக்கும் அணை. பிறகு அடுத்த நாலு. எந்தப் பூவும் நாலு விரக்கடைக்கு மேல நகர முடியாது. குத்துறதும் முகத்துல இல்ல, பூவுக்கு அடியில இருக்கிற பச்சைக் கிண்ணத்துல, பக்கவாட்டா. சதை அங்கதான் கெட்டி.

செவ்வந்தியைக் கோர்க்கவே வேணாம். வாழைநாரைத் தண்ணியில நனைச்சு, ரெண்டு ரெண்டாக் கண்ணி போட்டு, கட்டுன சரத்தை சணலோட சேர்த்துச் சுத்திருங்க. நார் காயுறப்ப இறுகிக்கும். நைலான் அப்படிச் செய்யாது.

சாரம்கட்டி:
கட்டட வேலைக்காரன், பூவைப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. ஆனா இழுத்துக் கட்டினதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நாலடி அகலத்துல ரெண்டு கிலோ மாலைன்னு வச்சுக்குங்க. நடுவுல ஒரு அடி தொங்கவிட்டா ஒவ்வொரு முனையிலயும் பக்கவாட்டு இழுப்பு ஒரு கிலோ சுமார். அதே மாலையை ரெண்டு அங்குலந்தான் தொங்கணும்னு விறைப்பா இழுத்தா இழுப்பு ஆறு கிலோவுக்குப் போயிரும். கொக்கி பேந்ததுக்குக் காரணம் பசை இல்ல, உங்க கைதான்.

ஒரு அடி தொங்கலுக்குச் சரம் சுமார் நாலடி ஏழு அங்குலம் வேணும், முடிச்சுக்குத் தனியா ஒரு சாண் விடுங்க. நிலைக்கு மேல வென்டிலேட்டர் கம்பி இருக்கா? இருந்தா ரெண்டங்குல ரீப்பர் கட்டை ஒன்னை அதுல குறுக்க கட்டி, மாலையை கட்டையில கட்டுங்க. நிலையில கை வைக்க வேண்டியதே இல்ல, அப்பத்தாவும் சண்டைக்கு வரமாட்டாங்க. தரையில உக்காந்து சாவகாசமாக் கட்டி, கட்டையோட தூக்கி மாட்டலாம். ஸ்டூல்ல நின்னு பூக் கட்டுறது பொழப்பா?

பூக்காரி மகள்:
மல்லி விசயம் ஒருத்தரும் சொல்லலையே. 2013ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லிங்க, அதைப் போய் மேற்கு வெயில்ல காயப்போடுறீங்க! விடியுறதுக்குள்ள மொட்டாப் பறிச்சு, பொழுது சாய விரியுற பூ. மணந்துட்டு மறுநாள் போயிரும், அதோட குணம் அது. நிலைமாலைக்கு அது உடம்பு இல்ல, அத்தர் மாதிரி. மொட்டா வாங்கி, வாழை இலையில மடிச்சு, ஈரத்துணி சுத்தி நிழல்ல வைங்க. விருந்தாளி வர்றதுக்கு அரை மணி முன்னாடி ரெண்டு முழம் மட்டும் ஓரத்துல சுத்துங்க.

வெள்ளை வேணும்னா சம்பங்கி வைங்க. வெயிலுக்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் தாங்கும். வாடாமல்லி காஞ்சாலும் நிறம் விடாது, பேருலயே இருக்கு. நடுவுல ஒரு பிடி மரிக்கொழுந்து செருகுங்க, மல்லி இல்லாத குறை தெரியாது.

நேரமில்லாதவன்:
இம்புட்டு எதுக்கு? பிளாஸ்டிக் மாலை வாங்கி மாட்டுங்க, பத்து வருசம் வரும்.

பூக்காரி மகள்:
பத்து வருசத் தூசியும் சேர்ந்து வருமே அண்ணே.

புதுவீட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு பக்கமும் மூணடிக்குச் சரம் தொங்கவிடலாம்னு இருக்கேன். சிவப்பு அரளி விலை கம்மியா இருக்கு, அதுல கட்டட்டுமா?

நார்க்கட்டு:
சாமிக்கு மாலையாப் போடுங்க, கைக்கு எட்டுற சரத்துல வேணாம். அரளி பூ, இலை, தண்டு எல்லாமே விசம். பால் காய்ச்சுற வீட்டுக்குப் பிள்ளைகுட்டி வரும், எதையாச்சும் பிச்சு வாயில வைக்கும். ஆடு மாடு உள்ள தெருவா இருந்தா கேட்கவே வேணாம். சிவப்புக்குக் கோழிக்கொண்டை போடுங்க.

புதுவீட்டுக்காரன்:
வெள்ளி போய் ஞாயிறு ஆச்சு, சொல்லாம இருக்க மனசு கேட்கல.

வியாழன் ராத்திரி ஹால்ல பாயை விரிச்சு உக்காந்தோம். மூணு மணி நேரம் பிடிச்சுது. முதல் மணி நேரம் முழுக்க மாவிலை முடிச்சுலயே போச்சு, அப்பத்தா பக்கத்துல உக்காந்து "அங்கிட்டு சுத்துடா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. அவங்களுக்கு நார்ல கண்ணி போட வரும்னு எனக்கு இத்தனை வருசமாத் தெரியாது. நான் ஒரு கண்ணி போடுறதுக்குள்ள ஒரு முழம் கட்டிட்டாங்க. செவ்வந்தி முழுக்க அவங்க கைதான்.

ரீப்பர் யோசனை சொன்னவருக்குக் கும்பிடு. காலையில ரெண்டு பேர் தூக்கி மாட்டினது அஞ்சு நிமிசம். நேத்து வரைக்கும் ஒரு பூ நகரல, சுவத்துல கறையும் இல்ல. பெரியப்பா ஆறடி, அவர் தலையில மட்டும் நடு மரிக்கொழுந்து உரசிக்கிட்டே இருந்துச்சு. ஒன்பது அங்குலம் தொங்கவிட்டிருக்கலாம்.

பக்கச் சரம் கோழிக்கொண்டையிலதான் கட்டினேன். நேத்து மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணசந்த நேரம், எதிர்வீட்டு ஆடு படியில முன்னங்காலை வச்சு நின்னு வலது பக்கச் சரத்தைச் சணல் தெரிய தின்னுட்டுப் போயிருச்சு. ராத்திரி போய்ப் பார்த்துட்டு வந்தேன், நல்லா அசைபோட்டுக்கிட்டுத்தான் கிடந்துச்சு.